கீழக்கரையிலிருந்து வளைகுடா விமானத்தின் காக்பிட்டுக்கு: நடுவில் இருக்கும் படிகள்

பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கத்து வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளையைப் பைலட்டுக்குப் படிக்க வைத்தால் நேராகத் துபாயில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமா?" கேள்வியில் தவறில்லை. பாய்மரக் காலத்திலிருந்தே வெளிநாடு போய்ப் பிழைத்த கரை இது. வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் சபுராளி இல்லாத தெரு இங்கே குறைவு. மதுரையிலும் திருச்சியிலும் ஏறி வளைகுடாவில் இறங்கும் விமானத்தை ஓட்டுபவர் ஏன் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கக்கூடாது என்று நினைப்பது இயல்பு.

ஆனால் கேள்விக்குப் பதில்: நேராகச் சேர முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்றுவழி எது, எங்கே ஆள் சறுக்குகிறது என்பது தெரியாமல் வீட்டை அடகு வைப்பதுதான் ஆபத்து.

## உரிமம் விமானத்தின் கொடியைச் சேர்ந்தது

மண்டபம் இறங்குதளத்தில் நிற்கும் ஒவ்வொரு விசைப்படகின் முகப்பிலும் பதிவு எண் எழுதியிருக்கும். ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் அந்த எண்ணைப் பார்த்தாலே எந்த நாட்டுப் படகு, எந்த மாநிலத்துப் படகு என்று கடலில் யாரும் சொல்லிவிடுவார்கள். விமானமும் அப்படியே. இந்தியாவில் பதிவான விமானத்தின் உடலில் 'விடி' என்று தொடங்கும் குறி இருக்கும். அமீரக விமானத்தில் 'ஏ6', கத்தாரில் 'ஏ7', குவைத்தில் '9கே', சவுதியில் 'எச்இசட்', சிங்கப்பூரில் '9வி'.

1944 டிசம்பரில் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு சொல்வது இதுதான்: பன்னாட்டுப் பறப்பில் ஒரு விமானத்தை ஓட்டுபவரின் உரிமத்தை, அந்த விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடுதான் கொடுக்க வேண்டும், அல்லது செல்லும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் உரிமம் 'விடி' விமானங்களுக்கு உரியது. 'ஏ6' விமானத்தில் உட்கார வேண்டுமானால் அமீரகத்தின் விமானப் போக்குவரத்து ஆணையமான ஜிசிஏஏ சம்மதிக்க வேண்டும். "சர்வதேச லைசென்ஸ் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு உரிமம் உலகத்தில் கிடையாது. ஐகாவோ என்ற ஐ.நா. அமைப்பு குறைந்தபட்சத் தரத்தை வகுக்கிறது, உரிமம் தருவதில்லை.

வெளிநாடு சம்மதிப்பது இரண்டு வகையில் நடக்கும்.

1. ஏற்பு: இந்திய உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தங்கள் விமானத்திலும் செல்லும் என்று ஒப்புக்கொள்வது. இந்திய உரிமம் உயிரோடு இருக்கும் வரைதான் இதற்கும் உயிர்.
2. மாற்று: அந்த நாட்டின் விமானச் சட்டத் தேர்வு, அவர்களுடைய மருத்துவப் பரிசோதனை, சிமுலேட்டரில் திறன் சோதனை ஆகியவற்றை முடித்து அவர்களுடைய உரிமத்தையே பெறுவது. தொடர்ந்து அங்கே வேலை பார்ப்பவர்கள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

இரண்டுமே வேலை கிடைத்த பின் நடக்கும் காரியங்கள். பெரும்பாலும் நிறுவனமே முன்னின்று நடத்தும். அதனால் வெளிநாட்டு வேலைக்குத் தடையாக நிற்பது உரிம மாற்றம் அல்ல, பறந்த மணிக்கணக்குதான்.

## 200 மணியும் 1500 மணியும்

சிபிஎல் என்பது வணிக விமானி உரிமம். வயது 18 ஆகியிருக்க வேண்டும், மொத்தம் 200 மணி பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி, விமானத்தின் பொறுப்பாளராக, அதாவது பிஐசியாகப் பறந்தது. ஏடிபிஎல் என்பது பெரிய பயணிகள் விமானத்தில் கேப்டனாக உட்காருவதற்கான உரிமம். வயது 21, மொத்தம் 1500 மணி, அதில் இரவுப் பறப்பு மட்டும் 100 மணி. இந்த இரண்டுக்கும் நடுவே 1300 மணி இடைவெளி.

வளைகுடா நிறுவனங்கள் வெளிநாட்டவரை எடுக்கும்போது கேட்பது இந்த இடைவெளியைத் தாண்டியவர்களை. பல விளம்பரங்களில் ஏடிபிஎல் கட்டாயம்; அதற்கு மேல் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் ஜெட் விமானத்தில் இத்தனை மணி என்று தனியாகக் கேட்பார்கள். எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறாதது ஒன்று: செஸ்னா மாதிரிச் சிறு விமானத்தில் எடுத்த 200 மணியோடு வருபவருக்கு, அவர் அந்நாட்டுக் குடிமகனாக இருந்தாலொழிய, கதவு திறப்பது மிக அரிது. ஒவ்வொரு நாடும் தன் பிள்ளைகளைப் புதுமுகமாக எடுத்து வளர்க்கிறது. வெளியிலிருந்து வேண்டுவது பழகிய கை.

அந்தக் கை பழகும் இடம் இந்திய விமான நிறுவனம். கணக்கைப் பாருங்கள். ஒரு விமானி ஆண்டுக்கு 1000 மணிக்கு மேல் பறக்க டிஜிசிஏ அனுமதிப்பதில்லை. நடைமுறையில் ஆண்டுக்கு 750 மணி என்று வைத்தால், 1300 மணியைக் கடக்க இரண்டு வருடம்கூட ஆகாது போலிருக்கும். ஆனால் விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து இரண்டு, இரண்டரை ஆண்டு. 3000 மணி வேண்டுமென்றால் நான்கு, நான்கரை ஆண்டு. இதற்கு முன்னால் படிப்பு, பறப்புப் பயிற்சி, குறிப்பிட்ட ஜெட் வகையை ஓட்டுவதற்கான விமான வகைத் தகுதி, வேலைக்குக் காத்திருப்பு எல்லாம் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளை வெளிநாட்டு நிறுவனத்தில் கால் வைக்க எட்டு முதல் பத்து ஆண்டு ஆகும் என்று வைத்துத் திட்டமிடுவதே நியாயம்.

## பணத்துக்கு முன்னால் கண்

இந்த வரிசை தலைகீழாவதுதான் அதிகம். முதலில் பறப்புப் பள்ளிக்கு முன்பணம், பிறகு மருத்துவப் பரிசோதனை என்று போய்ப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. சரியான வரிசை இது:

1. பாடம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். வணிகவியல் படித்தவரும், கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் படித்தவரும் விடுபட்ட பாடத்தை தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதி முடிக்கலாம். அதற்கும் பல மாதம் ஆகும்.
2. இரண்டாம் வகுப்பு மருத்துவம். டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் செய்வது. இதற்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் தூசு.
3. முதல் வகுப்பு மருத்துவம். சிபிஎல்லுக்கு இது கட்டாயம். பெங்களூரிலுள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் நடக்கும். 60 வயதுக்குள் உள்ள விமான நிறுவன விமானி இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பலரை நிறுத்திவிடுவது நிறக்குருடு. இஷிஹாரா தட்டு என்று ஒரு புத்தகம்: பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவே வேறு நிறப் புள்ளிகளால் ஒரு எண். சிவப்பு, பச்சையில் குறை உள்ளவருக்கு அந்த எண் தெரியாது, அல்லது வேறு எண்ணாகத் தெரியும். இந்தக் குறை பிறவியிலேயே வருவது, ஆண்களிடம் அதிகம், வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே இருந்துவிடலாம். ராமநாதபுரத்தில் எந்தக் கண் மருத்துவரிடமும் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்தச் சில நிமிடத்தைச் செலவழிக்காமல் பல லட்சம் கட்டுவது நியாயமே இல்லை. கண்ணாடி போடுவது தடையல்ல. கண்ணாடியோடு பார்வை சரியாக வந்து, பவர் வரம்புக்குள் இருந்தால் போதும்.

இதன் பிறகே கடன். பயிற்சி, விமான வகைத் தகுதி எல்லாம் சேர்த்து இன்றைய நிலையில் அரைக்கோடியைத் தாண்டிவிடும். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் வழக்கமாகச் சொத்து அடமானம் கேட்கும். பட்டா பிரியாத கூட்டுச் சொத்து இங்கே அடிபட்டுப் போகும். 60 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 79,300 ரூபாய். வேலை கிடைக்காத மாதங்களிலும் வட்டி ஓடும். இந்தத் தொகையை இரண்டு ஆண்டு யார் கட்டுவது என்பதற்கு வீட்டில் பதில் இருக்கிறதா என்பதே முடிவெடுக்க வேண்டிய கேள்வி.

## இனிஷியல் என்ற சிறு எழுத்து

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இது. மற்ற மாநிலத்தவர் எழுதும் வழிகாட்டிகளில் பார்க்க முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரோடு ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்கள்: குடும்பப் பெயர், கொடுக்கப்பட்ட பெயர். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் அன்றைக்கு என்ன நினைத்தாரோ அதன்படி, ஒருவருக்குத் தந்தை பெயர் முதல் கட்டத்தில் விரிந்திருக்கும். இன்னொருவருக்கு இனிஷியல் மட்டும் இருக்கும். மூன்றாமவருக்கு முதல் கட்டம் வெறுமையாக, எல்லாப் பெயரும் இரண்டாவதில் இருக்கும். முகமது என்பதை ஆங்கிலத்தில் எழுதும் விதமே நாலைந்து. அண்ணனுக்கு ஒரு விதம், தம்பிக்கு ஒரு விதம்.

டிஜிசிஏ தேர்வெழுத முதலில் கணினி எண் என்ற பதிவு எண்ணை வாங்க வேண்டும். அதில் ஏறும் பெயர் சான்றிதழை ஒட்டியது. அந்தப் பெயரே மருத்துவச் சான்றில், ரேடியோ உரிமத்தில், சிபிஎல்லில், பறப்புப் பதிவேட்டில் தொடரும். பத்து ஆண்டு கழித்து ஜிசிஏஏ இந்திய உரிமத்தைச் சரிபார்க்க டிஜிசிஏவுக்கு எழுதும்போது, பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் உரிமத்தில் ஒரு பெயருமாக நின்றால் கோப்பு திரும்பிவிடும். போதாதற்கு, 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருபவர்களுக்கு அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நேர்முகத்துக்கும் சிமுலேட்டர் சோதனைக்கும் போகும் விசா பெரும்பாலும் அந்த வகைதான்.

செய்ய வேண்டியது: கணினி எண்ணுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். இனிஷியலை விரித்து எழுத வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு, அதை வைத்து மற்றவற்றைத் திருத்தலாம். 18 வயதில் இது சில வார வேலை. 28 வயதில், கையில் வேலை உத்தரவோடு அலையும்போது, அது வேலையையே பறித்துவிடும்.

## பயிற்சியில் எங்கே பணம் கரைகிறது

உச்சிப்புளியில் இருக்கும் ஐஎன்எஸ் பருந்து கடற்படைத் தளம். அங்கே சிவில் பயிற்சி கிடையாது. அரசு சார்பில் உத்தரப்பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இக்ருவா என்ற பறப்புப் பள்ளி, திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி அகாடமி, அது தவிர நாடு முழுக்கத் தனியார் பள்ளிகள் உள்ளன. பலர் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து போகிறார்கள்.

எங்கே பறந்தாலும் இந்திய சிபிஎல் வேண்டுமானால் டிஜிசிஏவின் எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும். வான்வழி நாவிகேஷன், வானிலையியல், விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகியவற்றில் தலா 70 சதவீதம். ஆர்டிஆர் என்ற ரேடியோ உரிமத் தேர்வு தனி. முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்த அது, 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததையொட்டி டிஜிசிஏவின் கைக்கு வந்தது.

பணம் கரையும் இடம் இது: சிபிஎல்லுக்கு விண்ணப்பிக்கும்போது கடைசி ஆறு மாதத்துக்குள் குறைந்தது 15 மணி பறந்திருக்க வேண்டும். 200 மணியை முடித்துவிட்டு ஒரு பாடம் பாக்கி என்று ஊரில் உட்கார்ந்தால், பாடம் தேறுவதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிடும். மறுபடி மணிக்கு இத்தனை ஆயிரம் என்று கட்டிப் பறக்க வேண்டும். அதனால் எழுத்துத் தேர்வை முழுக்க முடித்த பிறகு பறக்கத் தொடங்குவதே சிக்கனம். அடுத்த இடம், பதிவேடு. பிஐசி மணிகளில் ஓரிரண்டு குறைந்தாலோ, விதி கேட்கும் நீண்ட தூரப் பறப்பு விடுபட்டாலோ, வெளிநாட்டில் வாங்கிய உரிமம் அங்கே செல்லும், இங்கே மாறாது.

## எந்த விமானமோ, அந்த ஊர்

ஒவ்வொரு ஜெட் வகைக்கும் தனிப் பயிற்சி பெற்று உரிமத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதையே விமான வகைத் தகுதி என்கிறோம். இந்தியாவில் முதலில் கிடைக்கும் விமானம் எதுவோ, அது பிற்பாடு எந்த நிறுவனம் வரவேற்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடும். இண்டிகோவின் ஜெட் விமானங்களில் பெரும்பகுதி ஏர்பஸ் ஏ320 குடும்பம். ஷார்ஜாவின் ஏர் அரேபியா, குவைத்தின் ஜசீரா, ஓமனின் சலாம் ஏர் மூன்றும் ஓட்டுவது அதையே. ஆகாசா ஓட்டுவது போயிங் 737. ஃப்ளைதுபாய் முழுக்க 737, ஓமன் ஏரிலும் 737 உண்டு. எமிரேட்ஸில் சிறு ஜெட்டே கிடையாது. 777, ஏ380, ஏ350 என்று எல்லாம் அகல உடல் விமானங்கள். அங்கே போகும்போது புதிய வகையை நிறுவனமே கற்றுத்தரும், பதிலுக்கு ஒப்பந்தக் காலம் எழுதிவாங்கும்.

சவுதியை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 மார்ச் 15 முதல் அங்கே தனியார் துறையில் துணை விமானிப் பணியை முழுக்கச் சவுதி நாட்டவருக்கே ஒதுக்கினார்கள். கேப்டன்களுக்கு அந்த அளவு இறுக்கம் இல்லை. ஆகவே இந்தியாவில் கேப்டனான பிறகு பார்க்க வேண்டிய நாடு அது. மற்ற நாடுகளிலும் சொந்த நாட்டவருக்கு முன்னுரிமை கூடிக்கொண்டுதான் போகும்.

## விலகுவதற்கே ஒரு வருடம்

வெளிநாட்டில் தேர்வான பிறகு சறுக்கும் இடம் இது. இந்திய நிறுவனத்திலிருந்து விலக, டிஜிசிஏ விதிப்படி துணை விமானி ஆறு மாதமும், கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 2017இல் கேப்டன்களுக்கு இப்படிக் கூட்டினார்கள். நிறுவனம் விடுவிப்புச் சான்று தராமல் அடுத்த வேலை நகராது. வெளிநாட்டு நிறுவனமோ இரண்டு, மூன்று மாதத்தில் சேரச் சொல்லும். நேர்முகத்திலேயே முன்னறிவிப்புக் காலத்தைச் சொல்லி, சேரும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விமான வகைப் பயிற்சிக்காக இங்கே எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் பாக்கி எவ்வளவு என்பதையும் அன்றைக்கே கணக்குப் போட வேண்டும்.

ஆங்கில மொழித் திறனுக்கு ஐகாவோ ஆறு நிலை வைத்திருக்கிறது. நான்காம் நிலை போதும், ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு. ஆறாம் நிலைக்கு மறுதேர்வே இல்லை. தமிழ்வழியில் படித்தவர் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. சோதிப்பது இலக்கணத்தை அல்ல; எதிர்பாராத சூழலைத் தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்பதை.

## ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய வரிகள்

- அடிப்படைச் சம்பளம். மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அமீரகச் சட்டப்படி பணி முடிவில் கிடைக்கும் தொகை, முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், பிறகு ஆண்டுக்கு 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்காகும். பல ஒப்பந்தங்களில் பாதிப் பணம் வீட்டுப்படி, பறப்புப்படி என்று பிரிந்திருக்கும்.
- உரிம இழப்புக் காப்பீடு. விமானிக்கு உடம்பே மூலதனம். மருத்துவத் தகுதி போனால் வேலையும், வேலையோடு விசாவும் போய்விடும். நிறுவனம் தரும் காப்பீடு எத்தனை மாதச் சம்பளம் என்று பாருங்கள். குறைந்தால் சொந்தமாக எடுங்கள். ஊரில் வீடு கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இது.
- குடும்ப விசா, பள்ளிக் கட்டணம். எத்தனை பிள்ளைக்கு, எத்தனை வகுப்பு வரை என்று எழுதியிருக்க வேண்டும்.
- வரி. ஓராண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வேலைக்காக வெளிநாடு போனவர் இங்கே வசிக்காதவர் ஆவார். ஆனால் அங்கே வரியே கட்டாத இந்தியக் குடிமகனுக்கு இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் வசிப்பவராகவே கருதும் பிரிவு உண்டு. அப்போதும் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. வாடகை, வியாபாரப் பங்கு உள்ள வீடுகள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முகவர் விஷயத்தில் ஒரு வரி போதும்: உண்மையான நிறுவனமோ அதன் ஒப்பந்த முகமையோ நேர்முகத்துக்காக விமானியிடம் பணம் வாங்காது. பணம் கட்டித் துணை விமானியின் வலது இருக்கையில் உட்கார்ந்து மணி சேர்க்கும் திட்டங்கள் சில நாடுகளில் உண்டு. அவை வேலை அல்ல; மணி முடிந்ததும் ஆளை அனுப்பிவிடுவார்கள்.

## திரும்பி வரும் வழி

போனவர் திரும்ப வேண்டியும் வரலாம். கொரோனா காலத்தில் வளைகுடா நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தபோது முதலில் ஊர் திரும்பியவர்களில் வெளிநாட்டு விமானிகளும் இருந்தார்கள். இந்திய மருத்துவச் சான்றையும், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டுவதற்கான கருவிப் பறப்புத் தகுதியையும் காலாவதியாக விட்டவர்கள், இங்கே வேலை இருந்தும் உட்கார முடியாமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். அதனால் ஆண்டு விடுப்பில் ஊருக்கு வரும் நாட்களில் இரண்டு மூன்றை டிஜிசிஏ மருத்துவத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். வெளிநாட்டில் பறந்த மணிகளை நிறுவனத்தின் சான்றோடு மாதாமாதம் பதிவேட்டில் ஏற்றுங்கள். 65 வயது வரை பன்னாட்டு விமானத்தில் இன்னொரு விமானியோடு பறக்க ஐகாவோ விதி இடம் தருகிறது. அந்த வயது வரை பதிவேட்டின் ஒவ்வொரு வரியையும் யாராவது ஓர் அதிகாரி கேட்கக்கூடும்.